கல்லாவுக்கு முன்னால்: ரூட் 66 சாலையை வாசித்தல்

அமெரிக்காவின் ரூட் 66 சாலையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இரண்டு படைப்புகளிலிருந்து வந்தது. ஒன்று, 1939-இல் வெளியான ஜான் ஸ்டைன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவல். இன்னொன்று, 1946-இல் பாபி ட்ரூப் எழுதி நாட் கிங் கோல் பாடிய பாட்டு. இடையில் ஏழே வருடம். சாலை ஒன்றுதான். போகிற திசையும் ஒன்றுதான், மேற்கே கலிஃபோர்னியாவுக்கு. நாவலில் நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் ஓட்டை வண்டியில் போகிறது. பாட்டில் யாரோ ஒருத்தர் உற்சாகமாகக் கார் ஓட்டுகிறார். இரண்டில் எது ஜெயித்தது என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், பாட்டுதான். அந்தச் சாலையில் இன்றைக்கு விற்கிற பனியன், தொப்பி, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், காபிக் கோப்பை எல்லாவற்றிலும் இருப்பது பாட்டின் மனநிலைதான். ஸ்டைன்பெக் வைத்த ‘தாய்ச்சாலை’ என்ற பெயரைக்கூடப் பாட்டின் கோஷ்டி எடுத்துக்கொண்டுவிட்டது. பசியோடு கிளம்பியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட பெயர், பரிசுப்பொருள் கடை வாசலில் பலகையாகத் தொங்குகிறது.

பாட்டு ஏன் ஜெயித்தது, அந்த வெற்றியில் எது தொலைந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். சாலை இலக்கியம் என்றதும் நமக்கு வேகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஜன்னல், காற்று, பின்னோக்கி ஓடும் மரங்கள். எனக்கென்னவோ சாலையின் கதை வண்டி ஓடும்போது நடப்பதில்லை, நிற்கும்போதுதான் நடக்கிறது என்று தோன்றுகிறது. பெட்ரோல் போட, சாப்பிட, படுக்க, ஒன்றுக்குப் போக என்று ஏதோ ஒன்றுக்காக இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் கல்லாவுக்குப் பின்னால் ஒருத்தர் நிற்பார். அவர் உங்களை எப்படிப் பார்க்கிறார்? உள்ளே விடுகிறாரா? இந்தச் சாலையைப் பற்றிய படைப்புகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே தரம் பிரித்துவிடலாம்.

முதலில் சாலையைப் பற்றிக் கொஞ்சம். 1926 நவம்பர் 11 அன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தபோது பிறந்தது ரூட் 66. சிகாகோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸ் வரை, 8 மாநிலங்கள் வழியாக, ஏறக்குறைய 2,448 மைல். பிறந்தபோது பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். முழுக்கத் தார், கான்கிரீட் போட்டு முடிக்க 1938 ஆனது. 1956-இல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. அகலமான புதிய சாலைகள் ஒவ்வோர் ஊராக விலக்கிவிட்டுப் போயின. கடைசியாக விலக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984-இல். 1985 ஜூன் மாதம் அந்த எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் ரூட் 66 என்று ஒன்று இப்போது இல்லை. துண்டுதுண்டாக, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்ற அடைமொழியோடு கிடக்கிறது. 2026 அதன் நூற்றாண்டு.

போன டிசம்பர் கடைசியில் நானும் கல்லூரித் தோழன் ஒருவனும் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் வரை, சுமார் 870 மைல், முடிந்த இடத்தில் எல்லாம் பழைய சாலையிலேயே போனோம். இரண்டு பேரும் சாஃப்ட்வேர்காரர்கள். ஆபீஸ் மூடியிருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் இப்படிக் கிளம்ப முடியும். அது இந்தச் சாலையின் சீசன் கிடையாது. பாதிக் கடைகள் மார்ச் வரை மூடியிருக்கும். டெக்சஸின் வடக்கு மூலையில் காற்று, கார் கதவைத் திறக்கவிடாமல் அடிக்கும். ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே பனி கொட்டும். ஆனால் வாசிப்புக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை என்றே சொல்வேன். கோடையில் எல்லாக் கதவும் திறந்திருப்பதால் கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. குளிரில் ஒவ்வொரு கதவும் தெரியும்.

*

பாபி ட்ரூப் அந்தப் பாட்டைக் கற்பனை செய்ததே ஒரு குளிர்காலப் பயணத்தில்தான். 1946 பிப்ரவரியில் அவரும் மனைவி சிந்தியாவும் பென்சில்வேனியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் காரில் கிளம்பினார்கள். பாட்டின் தலைப்பாக அமைந்த சொற்றொடர் சிந்தியா சொன்னது. அதே வருடம் நாட் கிங் கோலின் மூவர் குழு அதைப் பதிவு செய்து பெரிய வெற்றியாக்கியது.

குளிரில் போட்ட பாட்டில் குளிர் இல்லை. யாரும் எங்கும் நிற்பதும் இல்லை. பாட்டின் உடல் முழுக்க ஊர்ப் பெயர்கள்தான், கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக வருகின்றன. ஒரே ஓர் இடத்தில் வரிசை தப்பும். வினோனா என்ற சின்ன ஊர் ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே இருக்கிறது, பாட்டில் அது பிறகு வருகிறது. காரணம் சந்தம்தான், அரிசோனாவோடு இயைய வினோனா வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அதற்கு ஊர் என்பது ஓர் ஒலி. அங்கே யார் இருக்கிறார்கள், இறங்கினால் என்ன கிடைக்கும் என்பது அதன் அக்கறை இல்லை. இறங்காதவர்களின் பாட்டு அது.

பாடியவரோ எல்லா இடத்திலும் இறங்க முடியாதவர். நாட் கிங் கோல் கறுப்பினத்தவர். வளர்ந்தது சிகாகோவில், வாழ்ந்தது லாஸ் ஏஞ்சலஸில். சாலையின் இரண்டு முனைகளும் அவருக்குச் சொந்த ஊர். ஆனால் நடுவில் இருந்த விடுதிகளிலும் உணவகங்களிலும் பலவற்றில் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு கறுப்பினத்தவர் ஊர் எல்லைக்குள் இருக்கவே கூடாது என்ற ஊர்கள் வழியில் இருந்தன. 1948-இல் அவர் லாஸ் ஏஞ்சலஸின் ஹேன்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார். சாலை போய்ச் சேரும் ஊரிலேயே அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் சங்கமாகத் திரண்டு அவர் வரக் கூடாது என்றார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பதிவைத் திரும்பக் கேளுங்கள். குரலில் கசப்பு இருக்காது. அவர் குரல் வழுக்கிக்கொண்டு போகும், ஒவ்வோர் ஊரையும் மெல்லத் தொட்டுவிட்டு நகரும். நிற்க முடியாத ஒருத்தர் நிற்காத பாட்டை இவ்வளவு லாகவமாகப் பாடியிருக்கிறார். பாட்டு எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். ஆனால் அதைச் சாலையின் வரலாறாக எடுத்துக்கொண்டால் பாடியவரையே அந்த வரலாற்றிலிருந்து வெளியே தள்ளுகிறோம்.

*

ஸ்டைன்பெக்கின் நாவல் இதற்கு நேரெதிர். அதில் சாலை என்பதே நிறுத்தங்களின் தொடர்தான். பயணத்தின் தொடக்கத்தில் வரும் பெட்ரோல் பங்க்கிலேயே கடைக்காரர் கேட்பது ‘காசு இருக்கா?’ என்கிற கேள்வி. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர். டாம் ஜோட் அவர்மேல் எரிந்து விழுகிறான். பிறகு பங்க்கைச் சுற்றிப் பார்க்கிறான். பெரிய கம்பெனி பங்க் மாதிரி தெரிய வேண்டும் என்று தானே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். இந்த ஆளும் சீக்கிரம் தன்னைப் போல நடுரோட்டுக்கு வரப் போகிறவன்தான் என்று டாமுக்குப் புரிகிறது. கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன.

பதினைந்தாம் அத்தியாயம் நாவலில் தனியாக நிற்கும் ஒன்று. ஜோட் குடும்பம் அதில் இல்லை. சாலையோர டைனர், பரிமாறும் மே, அடுப்படியில் ஆல், வாடிக்கையாக வரும் இரண்டு லாரி டிரைவர்கள். மேற்கே போகும் ஒருவன் இரண்டு பையன்களோடு உள்ளே வருகிறான். பதினைந்து சென்ட் ரொட்டியில் பத்து சென்ட்டுக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்கிறான். மே மறுக்கிறாள். முழுசாகக் கொடுத்துத் தொலை என்று ஆல் உள்ளேயிருந்து உறுமுகிறான். பையன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்து சென்ட் விலையுள்ள மிட்டாயை, ஒரு சென்ட்டுக்கு இரண்டு என்று பொய் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள் மே. இதைப் பார்த்த டிரைவர்கள் போகும்போது சாப்பிட்டதற்கு மேல் பெரிய காசாக வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது கண்ணீர்க் கதை. ஸ்டைன்பெக் அங்கே நிறுத்தவில்லை. அவர்கள் போன பிறகு, கடையில் இருக்கும் சூதாட்ட இயந்திரங்கள் எத்தனை முறை ஆடப்பட்டிருக்கின்றன என்று ஆல் போட்டு வைத்த கணக்கைப் பார்க்கிறான். காசு கொட்டப் போகும் இயந்திரம் எது என்று தெரிந்துகொண்டு கல்லாவிலிருந்தே காசெடுத்து ஆடி, விழுந்ததை எடுத்துக் கல்லாவிலேயே போடுகிறான். பத்து நிமிடத்துக்கு முன்னால் ஐந்து சென்ட்டை விட்டுக்கொடுக்கச் சொன்ன அதே ஆள். இவன் நல்லவனா கெட்டவனா என்று நாவல் தீர்ப்பு சொல்வதில்லை. கருணையும் கணக்கும் ஒரே கையில் இருக்கின்றன என்று காட்டிவிட்டு நகர்கிறது. நாவலின் மற்ற இடங்களில் வரும் ஓங்கிய பிரசங்கக் குரல் எனக்கு உறுத்தும். இந்த அத்தியாயத்தில் அது இல்லை. ரூட் 66 பற்றி எழுதப்பட்டதில் ஆகச் சிறந்த பக்கங்கள் இவைதான் என்பேன்.

*

அடுத்த அத்தியாயத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நம்முடைய பழைய வடிவம் ஒன்று. ஆற்றுப்படை.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான், பத்தில் ஐந்து. வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்பி வரும் கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வான். திருமுருகாற்றுப்படை மட்டும் முருகனிடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கும் இந்த அமைப்புதான். பள்ளிக்கூடத்தில் இதை வள்ளலின் புகழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது வாசித்தால் எனக்கு வள்ளலைவிட வழிதான் பெரிதாகத் தெரிகிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிற பாதையில் எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று வரிசையாக வரும். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் சோற்றோடு நண்டு. மலைபடுகடாம் இன்னும் கவனமானது. எங்கே குழி இருக்கும், எங்கே பாம்பு இருக்கும், தினைக்காவலர்கள் எறியும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பது வரை சொல்லும். அனுபவப்பட்டவன் அனுபவப்படப் போகிறவனுக்குச் சொல்வதுதான் இந்த வடிவத்தின் உயிர்.

இனி ஸ்டைன்பெக்கிடம் வருவோம். பதினாறாம் அத்தியாயத்தில் ராத்தங்கலுக்கு ஐம்பது சென்ட் வாங்கும் சாலையோர முகாம் ஒன்று. அங்கே கந்தல் உடையில் ஒருவன் இருக்கிறான். எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போகும்போது அவன் மட்டும் அங்கிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறான். வேலைக்கு ஆள் தேவை என்று அச்சடித்த துண்டுச்சீட்டுகளின் சூத்திரம் அவனுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கானவர்கள் தேவைப்படும் இடத்துக்கு ஆயிரக்கணக்கில் வரவழைத்தால் கூலி தானாக இறங்கும். தன் குழந்தைகள் அங்கே பட்டினியில் செத்ததைச் சொல்கிறான். கேட்பவர்களுக்கு நம்ப விருப்பமில்லை. நியூ மெக்ஸிகோ, அரிசோனா எல்லாம் கடந்து கொலராடோ ஆற்றங்கரைக்கு வந்ததும் அங்கேயும் திரும்பிப் போகும் ஒரு தகப்பனும் மகனும். அவர்கள் சொல்வதும் இதுதான்.

இது அப்படியே ஆற்றுப்படையின் அமைப்பு, திசை மட்டும் தலைகீழ். திரும்பி வருகிறவன் எதிரே போகிறவனைச் சந்திக்கிறான், வழி சொல்கிறான். சொல்லும் சேதி: அங்கே வள்ளல் இல்லை, போகாதே. ஸ்டைன்பெக்குக்கு ஆற்றுப்படை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்திருக்கவும் வேண்டாம். ஏழைகள் கூட்டமாக இடம்பெயரும் எந்தப் பாதையிலும் எதிர்ப்படுகிறவனின் சொல்தான் வரைபடம். ஓக்லஹோமாக்காரரான வுடி கத்ரியின் ‘டோ ரே மி’ பாட்டும் இதே வகைதான். கையில் காசில்லாமல் கலிஃபோர்னியா எல்லைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் புத்தி. அது கற்பனையும் இல்லை. 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தன் ஊரைவிட்டு மாநில எல்லைகளுக்கே போய் நின்று, காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. சொந்த நாட்டுக்குள்ளேயே அவர்கள் அந்நியர்கள். ஏழைகளை மாநிலத்துக்குள் கூட்டி வருவதைக் குற்றமாக்கிய கலிஃபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941-இல்தான் ரத்து செய்தது.

சரி, நேரான ஆற்றுப்படை இந்தச் சாலைக்கு எழுதப்பட்டதா? எழுதப்பட்டது. இலக்கியம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936-இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். ‘கிரீன் புக்’. கறுப்பினப் பயணிகளை ஏற்றுக்கொள்ளும் விடுதி, உணவகம், பெட்ரோல் பங்க், முடிதிருத்தகம், அறை கொடுக்கும் வீடு ஆகியவற்றின் பட்டியல். முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும். பிறகு வாசகர்களும் பயணிகளும் தகவல் அனுப்ப அனுப்ப நாடு முழுக்க விரிந்தது. ரூட் 66 ஊர்களும் சேர்ந்தன. போர்க்காலம் தவிர்த்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. இந்தப் புத்தகமே தேவைப்படாத ஒரு நாள் வர வேண்டும் என்று கிரீன் முன்னுரையில் எழுதினார். தன் அழிவை விரும்பி எழுதப்பட்ட வழிகாட்டி அது.

ஊர், முகவரி, பெயர். அவ்வளவுதான் அதில். வருணனை கிடையாது. ட்ரூப்பின் பாட்டும் ஊர்ப் பட்டியல், இதுவும் ஊர்ப் பட்டியல். அங்கே ஊர் ஒலியாக இருந்தது, இங்கே ஊர் என்பது ஒரு கதவு. தட்டினால் திறக்கும் என்று ஏற்கெனவே தட்டிப் பார்த்த ஒருவர் தருகிற உறுதி. 2018-இல் இதே பெயரில் வந்து ஆஸ்கர் வாங்கிய படம், காட்சி நடப்பது வேறு பகுதியில் என்றாலும், இந்த நுட்பத்தைக் கோட்டைவிட்டது. அதில் கையேடு வெள்ளைக்கார டிரைவரின் மனமாற்றத்துக்கு ஒரு சாமான், அவ்வளவுதான்.

இங்கே ஸ்டைன்பெக்கையும் விட்டுவிட முடியாது. அவருடைய சாலையில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளைக்காரர்கள். சாலை லகூனா பழங்குடி நிலம் வழியாகப் போகிறது, நவஹோ நிலத்தை ஒட்டிப் போகிறது. அவர்களை அவர் பார்க்கவில்லை. ஓக்லஹோமாவின் லூதர் ஊருக்குப் பக்கத்தில் த்ரெட் குடும்பம் என்ற கறுப்பினக் குடும்பம் கட்டிய பெட்ரோல் பங்க் இன்றும் கல்கட்டடமாக நிற்கிறது. அப்படி ஒரு கல்லா நாவலில் இல்லை. இன்னொரு விடுபடலும் உண்டு. அதே அகதி முகாம்களில் வேலை செய்த சனோரா பாப் என்ற எழுத்தாளர் எடுத்த குறிப்புகள், முகாம் நிர்வாகி மூலமாக ஸ்டைன்பெக்கின் கைக்குப் போயிருக்கின்றன. அவரும் அதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நாவல் முந்திக்கொண்டு விற்றதால் பதிப்பகம் 1939-இல் அவருடையதை ஒதுக்கி வைத்தது. ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்’ என்ற அந்த நாவல் 2004-இல் தான் வெளிவந்தது. பெயர் தெரியாதவர்கள் என்று தலைப்பு வைத்தவருக்கு 65 வருடம் அதே கதி. இலக்கியத்துக்கும் கல்லா இருக்கிறது.

*

சாலை செத்த பிறகு வந்த படைப்புகளில் ஏக்கம்தான் முதலாளி. பிக்ஸாரின் ‘கார்ஸ்’ (2006) இதில் ஆகத் திறமையானது. இன்டர்ஸ்டேட் விலக்கிவிட்டுப் போன ஓர் ஊர், வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் கடைகள், அங்கே மாட்டிக்கொள்ளும் ஓர் அவசரக்கார ரேஸ் கார். நியான் விளக்குகள் திரும்ப எரியும் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது. படத்துக்காகப் பார்த்த இடங்களில் ஒன்று டெக்சஸின் ஷாம்ராக் ஊரில் இருக்கும் 1936-ஆம் வருடத்துக் கோபுரப் பங்க். நாங்க போனப்ப அந்திக் கருக்கல், பச்சையும் சிவப்பும் நியான், சுத்தி ஒரு ஈ காக்கா இல்லை. தோழன் “சினிமா செட் மாதிரியே இருக்குடா” என்றான். செட்தான் அதைப் பார்த்துக் கட்டியது. ஆனால் அவன் சொன்னதும் சரிதான்.

‘கார்ஸ்’ படத்தின் கல்லாக்கள் யாரையும் மறுப்பதே இல்லை. ஏங்குவது கடை, வர வேண்டியது பயணி. வரலாற்றில் நடந்ததில் பாதியை அழித்து இப்படித் திருப்பிப்போட்டால்தான் ‘அந்தக் காலம்’ எல்லோருக்கும் பொதுவான பொற்காலமாக ஆகும். ஏக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. செலிக்மன் ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடில்லோ 1987-இல் ஆட்களைக் கூட்டி அரிசோனாவில் சங்கம் வைத்திருக்காவிட்டால் பழைய சாலையின் பல துண்டுகள் இன்று இருந்திருக்காது. பிழைப்புக்காகப் படும் ஏக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வாங்கி மாட்டிக்கொள்ளும் ஏக்கத்திடம்தான் என் கேள்வி.

எட் ருஷேயின் ‘ட்வென்டிசிக்ஸ் கேசலின் ஸ்டேஷன்ஸ்’ (1963) என்ற சின்னப் புத்தகம் ஏக்கத்துக்கு முந்தையது. லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் இடையில் 26 பெட்ரோல் பங்க்குகளின் படங்கள், பெயர், ஊர். வேறு ஒன்றுமே கிடையாது. முதல் பதிப்பு 400 பிரதிகள். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அவர் அதையே விளம்பரமாகப் போட்டார். அந்தப் படங்களின் வெறுமையைத் தட்டையான விளையாட்டு என்றுதான் முன்பெல்லாம் நினைக்கத் தோன்றும். டெக்சஸ் - நியூ மெக்ஸிகோ எல்லையில் கைவிடப்பட்ட க்ளென்ரியோ ஊரில், கூரை விழுந்த ஒரு பங்க் முன்னால் உறைகிற காற்றில் நின்றபோது அவை வேறு மாதிரி தெரிந்தன. கல்லாவும் இல்லை, ஆளும் இல்லை. மறுக்க யாரும் இல்லாத இடத்தில் வரவேற்கவும் யாரும் இல்லை. ருஷே பொய் சொல்லவில்லை. ஆனால் கார் பழுதாகிவிடுமோ, இருட்டிவிடுமோ, இங்கே நிற்கலாமா என்ற பயம் இல்லாத ஒருவரின் நிதானம் அந்தப் படங்களில் இருக்கிறது. எந்த பங்க்கும் அவருக்குப் பெட்ரோல் போடும். அது தெரிந்தவர்தான் இவ்வளவு அமைதியாகப் படம் எடுக்க முடியும்.

*

இந்த வரிசையில் இன்னும் சரியாக எழுதப்படாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. இன்றைய கல்லா.

இன்டர்ஸ்டேட் வந்து பழைய மோட்டல்கள் நொடித்தபோது அவற்றில் பலவற்றை வாங்கியவர்கள் குஜராத்திலிருந்து வந்த குடும்பங்கள். கல்லாவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடும்பமே குடியிருந்து, துணி துவைத்து, கக்கூஸ் கழுவி, இரவு மணி அடித்தால் எழுந்து வந்து சாவி கொடுத்தவர்கள். இன்று அமெரிக்க விடுதிகளில் பெரும்பங்கு இந்திய வம்சாவளியினரிடம் இருக்கிறது. எழுபது, எண்பதுகளில் போட்டிக்கடைகள் ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று வாசலில் பலகை வைத்தன. காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீடு தர மறுத்தன. அதையெல்லாம் எதிர்கொள்ளத்தான் 1989-இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கம் தொடங்கினார்கள். இந்த முறை சந்தேகத்துக்கு ஆளானவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர். மீரா நாயரின் ‘மிசிசிப்பி மசாலா’ (1991) படத்தில் இந்த உலகம் கொஞ்சம் வருகிறது. ஆனால் ரூட் 66 பற்றிய நினைவுப் புத்தகங்களில் இவர்கள் பெரும்பாலும் ‘பிறகு கைமாறியது’ என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோகிறார்கள்.

நியூ மெக்ஸிகோவில் ஒரு சின்ன ஊரில் இரவு எட்டு மணிக்கு அப்படி ஒரு மோட்டலில் நின்றோம். நியானில் இரண்டு எழுத்து எரியவில்லை. மணி அடித்ததும் ஸ்வெட்டருக்கு மேல் புடவைத் தலைப்பைப் போர்த்தியபடி அறுபது வயது அம்மா ஒருத்தர் வந்தார். பின்னால் டி.வி.யில் இந்தி சீரியல், தாளிக்கிற வாசனை. என் ஓட்டை இந்தியைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். மேலே போகலாமா என்று கேட்டோம். “வேண்டாம் பேட்டா, மலைப்பக்கம் ராத்திரி ரோடு கண்ணாடி மாதிரி ஆயிடும். காலையில ஒன்பது மணிக்கு மேல கிளம்புங்க” என்றார். அப்புறம் தாள் ஒன்றில் எழுதிக் கொடுத்தார். எந்த ஊரில் பெட்ரோல் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும், இந்தக் குளிரிலும் திறந்திருக்கும் சைவச் சாப்பாடு எங்கே, அதற்கடுத்து அவர் தம்பி மகன் நடத்தும் மோட்டல் எது, என்ன சொல்லி அறை கேட்க வேண்டும். சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றதும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வந்தன. அறை வாடகையில் ஒரு டாலர் குறைக்கவில்லை. ஸ்டைன்பெக்கின் ஆல் ஞாபகத்துக்கு வந்தான். கருணையும் கணக்கும் ஒரே கையில்.

விசாவில் இருக்கிறவன் நான். எந்தக் கல்லாவிலும், அது விமான நிலையத்தில் இருந்தாலும் மளிகைக் கடையில் இருந்தாலும், முதல் இரண்டு நொடி எதிரே இருக்கிறவர் முகத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இங்கே வந்து பத்து வருடமாகியும் போகவில்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அந்த இரண்டு நொடி தேவைப்படவில்லை. இதை வைத்துப் பெரிய தத்துவம் எதுவும் சொல்ல வரவில்லை. சாலை இலக்கியத்தை வாசிக்கிறவனுக்கும் ஓர் உடல் இருக்கிறது, அந்த உடலை எங்கே உள்ளே விடுவார்கள் என்பது அவன் வாசிப்பைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ட்ரூப்பின் பாட்டைக் கவலையில்லாமல் ரசிக்கிறவர்களுக்குக் கவலையில்லாமல் இறங்கவும் முடிகிறது. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் இல்லை.

நூற்றாண்டை ஒட்டி இந்தச் சாலையைப் பற்றி நிறைய எழுதுவார்கள், பாடுவார்கள், படமெடுப்பார்கள். நியான் பலகைகள் துடைக்கப்படும். அவற்றை வாசிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எங்காவது இறங்குகிறாரா? இறங்கினால், கல்லாவுக்குப் பின்னால் இருப்பவருக்கு முகம் இருக்கிறதா? வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட யாராவது அந்தப் பக்கங்களில் நடமாடுகிறாரா? இந்த மூன்றும் இல்லையென்றால் அது எத்தனை அழகாக இருந்தாலும் ஊர்ப் பெயர்களின் பட்டியல்தான்.

இருக்கும் எழுத்து, பத்து சென்ட்டுக்கு ரொட்டி கேட்டவனையும், ஹார்லெமின் தபால்காரரையும், 65 வருடம் அலமாரியில் கிடந்த கைப்பிரதியையும், வாடகையைக் குறைக்காமல் சோறு போட்ட அம்மாவையும் ஒரே சாலையில் நிறுத்தும். அப்படி ஒரு புத்தகம் ரூட் 66-க்கு இன்னும் வரவில்லை. வரும்போது அதை எழுதுகிறவர் அந்த மோட்டல்களில் ஏதோ ஒன்றில், கல்லாவுக்குப் பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த ஒரு பெண்ணாக இருப்பார் என்று எனக்கொரு நம்பிக்கை.